பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு தாள்

மேல்கூட்டைக் கழற்றியாயிற்று. நாலு சக்கரமும் மேசையைத் தொடாதபடி ரிமோட் காரை டிபன் பாக்ஸ் மேல் உட்கார வைத்தாயிற்று. இனிமேல்தான் வேலை. மோட்டார் தண்டின் நுனியில் இருக்கிற சின்ன இரும்புப் பல்சக்கரத்துக்குப் பினியன் என்று பேர், சுண்டைக்காய் பருமன்தான் இருக்கும். அது சுற்றிவிடுவது பெரிய பல்சக்கரத்தை, அது வெறும் கறுப்புப் பிளாஸ்டிக். இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுற்றினால்தான் கார் நகரும். போன வாரம் வரைக்கும் இருந்த பினியனை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பெரியதாக ஒன்றைப் போட்டிருக்கிறேன், நேர் ஓட்டத்தில் வேகம் வரட்டும் என்று. பினியன் பெரிதானால் மோட்டாரைச் சற்றே விலக்கி வைக்க வேண்டும், எவ்வளவு விலக்கி என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நெருக்கி வைத்தால் அரைத்துச் சூடேறும். விலக்கி வைத்தால் வழுக்கி, பிளாஸ்டிக் பல் மழுங்கிப் போகும். அதற்கு என்னோடு கார் ஓட்டுகிற சாலமன் சொன்ன வழி செய்தித்தாள். ஓரத்து வெள்ளைத் தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டு, மோட்டாரை அழுத்திப் பிடித்தபடியே ஸ்க்ரூவை முறுக்க வேண்டும். பிறகு சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடுத்தால் அது மடிந்து மடிந்து வர வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. அந்தத் தாளின் கனம்தான் இடைவெளி. ஆனால் மோட்டாரை அழுத்த ஒரு கை, தாளைப் பிடிக்க ஒரு கை, ஸ்க்ரூ முறுக்க ஒரு கை. எனக்கு இருப்பது இரண்டு. தாளைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிகிறேன். அச்சு மையும் தூசியுமாக ஒரு ருசி. மனைவி கலாமணி வீட்டில் இருந்தால் தாளைப் பிடித்துக்கொண்டிருப்பாள், ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே. முணுமுணுத்திருப்பாளா? அவள் சொல்வதெல்லாம் கொஞ்ச வருஷமாகவே முணுமுணுப்பாகத்தான் ஆகிவிட்டிருந்தது. முன்பெல்லாம் அவள் பேச்சு தெரு வரைக்கும் கேட்கும்.

தாள் கிழியவில்லை. பல் வரிவரியாய்ப் பதிந்து முழுசாக வெளியே வந்தது. ரிமோட்டின் விசையை மெதுவாக இழுக்கிறேன். சக்கரங்கள் காற்றில் சுற்றுகின்றன, மேசை லேசாக அதிர்கிறது, சத்தம் மெத்தென்று, அடுத்த அறையில் ஓடும் மின்விசிறி போல இருக்கிறது. இதைவிடச் சுத்தமாக யார் வைத்துவிட முடியும்? சாயங்காலம் கொண்டுபோய் மண்ணில் விட வேண்டும். ஒண்டிப்புதூரில் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கிடக்கிற காலி இடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐந்தாறு பேர் கூடுவோம், எல்லாரும் நடுவயசுக்காரர்கள். இன்ஷூரன்ஸ் போடுகிற சாலமன், ஒரு பல் டாக்டர், பேக்கரிக்காரர் ஒருவர். பஞ்சு மில்லில் முதல் ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஒரு நாள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தேன். கலாமணி ஈரோட்டுக்குப் போன புதிது. வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று தெரியாமல் தினமும் ஏதாவது ஒரு இடத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்த நாள்கள். அங்கே யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. எல்லார் கண்ணும் தரையில் ஓடுகிற காரில்தான். பேச வேண்டியதே இல்லாமல் நாலு பேரோடு நிற்க முடிகிற இடம் அது, அதனால்தான் பிடித்துப் போயிருக்க வேண்டும். பழைய கார் ஒன்றைச் சாலமனிடமே வாங்கினேன். கலாமணி ‘போறேன்’ என்று சொல்லிக்கொண்டு போகவில்லை. ஈரோட்டில் ஒரு பெண்கள் கல்லூரி ஹாஸ்டலுக்கு வார்டன் வேண்டுமாம், தங்க அறையும் சாப்பாடும் தருவார்களாம், மாசம் ஒரு தடவை வந்து போகிறேன் என்றாள். முதல் மாசம் வந்தாள். அடுத்த மாசம் பரீட்சை நேரம் என்றாள். அதற்கப்புறம் காரணம் சொல்வதை அவளும் விட்டாள், கேட்பதை நானும் விட்டேன். சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பெட்டியை மூடிக்கொண்டே ஒன்று சொன்னாள், அங்கே தான் ஒன்று கேட்டால் பதில் சொல்ல நாலு பேர் இருப்பார்கள் என்று. வேலை கிடைத்த பெருமையில் சொல்கிறாள் என்று நினைத்து, நல்லதுதானே என்றேன்.

வாசனை வருகிறது. பிளாஸ்டிக் தீய்கிற வாசனை, அடுப்பில் பால் பாக்கெட்டின் மூலை ஒட்டிக்கொண்டால் வருமே, அது. விசையை விட்டுவிட்டு மோட்டாரைத் தொட்டால் விரல் தானாகப் பின்னால் வந்துவிடுகிறது. டிபன் பாக்ஸ் மூடியில் மிளகுத்தூள் தூவினது போலக் கறுப்புப் பொடி. பல்லைத் தின்றிருக்கிறது. சத்தம் அவ்வளவு நன்றாக இருந்ததே, எப்படித் தின்னும்? திரும்பவும் ஆற வைத்து, தாள் வைத்து, முறுக்கி, ஓட்டி, திரும்பவும் அதே மெத்தென்ற சத்தம், அதே வாசனை. மோட்டாரில்தான் கோளாறோ என்று நினைத்துக்கொண்டு, போனைப் பக்கத்தில் வைத்துச் சத்தத்தைப் பதிந்து சாலமனுக்கு அனுப்பினேன். மதியச் சாப்பாட்டுத் தூக்கத்தில் இருப்பார், இருந்தாலும் உடனே பதில் வந்தது. மாட்டியிருக்கும் விதம்தான் தப்பு, ரொம்ப நெருக்கம், மோட்டார் நன்றாகவே இருக்கிறது என்று எழுதியிருந்தார். கீழே இன்னொரு வரி. “என்னங்க மருதாசலம், கியர் இந்தக் கத்து கத்துது. பக்கத்துல இருந்துட்டு உங்களுக்குக் கேக்கலீங்களா?”

கத்துகிறதா? அனுப்பியதை நானே போட்டுக் கேட்கிறேன். சத்தத்தை முழுசாகக் கூட்டி, முதலில் வலது காது, அப்புறம் இடது காது. மோட்டாரின் உறுமல் இருக்கிறது. தெருவில் போன பஸ்ஸின் ஹாரன் இருக்கிறது. நான் செருமினது இருக்கிறது. கத்தல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன், இல்லை. இல்லாததைத் தேடித் தேடிக் கேட்பது எப்படி? இருட்டில் கையை நீட்டினால் சுவராவது தட்டுப்படும். இங்கே நீட்டுகிறேன், ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லாதது போலவும் இல்லை, எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் இருக்கிறது. இந்த வருஷம் கொசுவே இல்லை என்று போன மாசம் மில்லில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், ஏதோ தமாஷ் சொன்னதாக. கை முழுக்கத் தடிப்பு தடிப்பாக இருந்தது, உடம்புச் சூடு என்று நினைத்து இளநீர் குடித்தேன். ஜன்னலுக்கு வெளியே செம்பருத்தியில் தேன்சிட்டு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, குரல் வராத குருவி என்று அதன்மேல் பரிதாபப்பட்டிருக்கிறேன். குருவிக்கா குரல் வரவில்லை? மில்லில் எங்கள் பகுதியில் நூல் நூற்கிற கதிர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் சுற்றும். உள்ளே போனால் சத்தம் காதில் விழாது, நெஞ்சில் விழும். மஞ்சள் பஞ்சு அடைப்பான் ஒன்று கொடுப்பார்கள், காதுக்குள் அரிக்கும், சட்டைப் பையில்தான் கிடக்கும். அங்கே யாரும் யாரையும் கேட்டுப் பேசுவதில்லை. வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வோம், கையால் பதில் சொல்வோம். இருபது வயசில் உள்ளே போனவன். வாயைப் பார்த்துப் பேசிப் பேசி, எது காதால் வந்தது எது கண்ணால் வந்தது என்று பிரித்துப் பார்க்கவே தோன்றியதில்லை. நேருக்கு நேர் நின்று பேசுகிறவர்கள் சொல்வதெல்லாம் இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

முதுகைக் காட்டிக்கொண்டு. சமையல்கட்டில் அடுப்பும் பாத்திரம் விளக்குகிற தொட்டியும் ஒரே சுவரில். மேசை இந்தப் பக்கம், நான் உட்கார்ந்திருக்கிற இதே மேசை. காலையிலும் ராத்திரியிலும் அவள் என்னிடம் பேசியதெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான். நான் பார்த்தது அவள் பின்னலையும் ஜாக்கெட்டின் கொக்கியையும். அவள் ஒரு தடவை அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்தால்தான் உங்களுக்குப் பதில் வருமா என்று கேட்டாள். செல்லம் கொஞ்சுகிறாள் என்று நினைத்தேன், அந்த வயசிலும். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கழுத்துக்குப் பின்னால் வேர்க்கிறது. எழுந்து மின்விசிறியை வேகமாக வைத்தேன், தாள் பறந்தது, குறைத்தேன். இதை நினைக்க வேண்டாம், சாயங்காலத்துக்குள் கியரை வைக்க வேண்டும், நெருக்கம் என்று சாலமன் சொல்லிவிட்டார், ஸ்க்ரூவை ஒரு பொட்டு தளர்த்தி இரண்டு மடிப்புத் தாள் வைத்தால் ஆயிற்று. தளர்த்துகிறேன். கை மட்டும் வேலை செய்கிறது. மனசில் கலாமணியின் சின்னம்மா வந்து நிற்கிறாள்.

கலாமணிக்கு அம்மா சின்ன வயசிலேயே இல்லை, வளர்த்தது சின்னம்மாதான். அந்தச் சின்னம்மாவை மகன் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய் அபார்ட்மென்டில் வைத்திருந்தான். தண்ணி பிடிக்கவில்லை, லிஃப்டில் ஏறப் பயம், பேச்சுக்கு ஆள் இல்லை என்று தினமும் போனில் அழுகை. கலாமணிக்கும் அதைக் கேட்டுக் கேட்டுத் தூக்கம் போயிற்று. பழகிடும், பழகிடும் என்று நான்தான் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு காலை. நான் ஷிஃப்டுக்குக் கிளம்பி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அவள் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு முதுகு காட்டி நிற்கிறாள். போன் வந்ததாகச் சொன்னாள், சென்னையிலிருந்து. சின்னம்மா பழகிட்டாங்களாம் என்றாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. “நல்லதாப் போச்சு, இனி உனக்கும் நிம்மதி” என்று சொல்லி, கை கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மத்தியானம் அவள் தங்கச்சி புருஷன் மில் கேட்டுக்குப் போன் பண்ணித்தான் சின்னம்மா விடிகாலையில் இறந்துபோனது எனக்குத் தெரியும். காலையில் நல்லாத்தானே இருந்தாங்க, அதுக்குள்ள எப்படி என்று நான் திகைத்ததை அவன்கூட விநோதமாகத்தான் கேட்டான். சாவு வீட்டில் கலாமணி என் பக்கம் திரும்பவே இல்லை. துக்கம், விட்டுவிட வேண்டும் என்று விட்டேன். ஈரோட்டுக்குப் பெட்டி கட்டின அன்றைக்குத்தான், ஒரு சேலையை மடித்துக்கொண்டே, சின்னம்மா செத்தது நல்லதாப் போச்சுன்னு சொன்ன மனுஷன் நீங்க என்றாள். அப்போது முகம் என் பக்கம் இருந்தது, ஒவ்வொரு எழுத்தும் விளங்கியது. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். சத்தியம்கூடச் செய்தேன். ஒரு மனுஷி இப்படி இட்டுக்கட்டுவாளா என்று பல நாள் ராத்திரி அவள் மேல் கோபமாகப் படுத்திருக்கிறேன். அவள் என்ன சொல்லியிருப்பாள் அன்றைக்கு? செத்துட்டாங்க என்று அவள் வாயால் வராது. தவறிட்டாங்களாம். சின்னம்மா தவறிட்டாங்களாம். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன், காலி வீட்டில், மெதுவாக, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் சொல்வது போல. தவறிட்டாங்களாம். பழகிட்டாங்களாம். எழுத்தின் ஓரமெல்லாம் தேய்ந்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான். இரண்டும் ஒன்றேதான்.

ஸ்க்ரூ கீழே விழுந்திருக்கிறது. விழுந்தது கேட்கவில்லை, கையில் இல்லாததால் தெரிகிறது. முழங்கால் போட்டு மேசைக்கடியில் தேடுகிறேன். தேடும்போதே மனசு வக்கீலாகிவிட்டது. பார்த்தாயா, என்மேல் தப்பில்லை, காது, வெறும் காது, கதிர்ச் சத்தம் தின்ற காது. இப்போதே போன் பண்ணிச் சொன்னால் எல்லாம் நேராகிவிடும். உடனே இன்னொன்று எழுந்து நிற்கிறது. எல்லாம் காதுதானா? தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொன்னது கேட்கவில்லை, சரி. அவள் தம்பி கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னது கேட்டது, நன்றாகவே கேட்டது, பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். ராத்திரி விளக்கை அணைத்தபின் அவள் ஏதாவது ஆரம்பித்தால், வார்த்தை பிடிபடாத அந்தக் குரலே சுகமாக இருக்கும், ம், ம் என்று சொல்லியபடி தூங்கிப்போவேன். என்ன சொல்கிறாய் என்று ஒரு தடவை எழுந்து உட்கார்ந்து கேட்டிருக்கலாம். கேட்காமல் போனது எவ்வளவு, கேட்டும் விட்டது எவ்வளவு, எனக்கே பிரிக்க முடியவில்லை, அவளுக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பேன்? இத்தனை நாள் கழித்துப் போய்க் காது கேட்கவில்லை என்று சொன்னால் அது என்ன மாதிரி இருக்கும்? சாக்கு மாதிரி இருக்கும். அதைவிடப் பயம் ஒன்று இருக்கிறது. இது இதோடு நிற்காது. இன்றைக்குக் கொசு, குருவி, கியர். நாளைக்குச் சாலமன், அப்புறம் பஸ் ஹாரன். இந்த வீட்டில் நான் ஒருத்தன், கதவைத் தட்டினாலும் தெரியாமல், எல்லாம் மெத்தென்று சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஸ்க்ரூ மேசைக்காலின் ஓரத்தில் கிடந்தது. எடுத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்திருக்கிறேன். தரை குளிர்ச்சியாக இருக்கிறது. எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. கியரை வைத்தாக வேண்டும், வைக்க ஒரு காது வேண்டும். சாலமனையே கேட்கலாம், திரும்பவும் பதிந்து அனுப்பினால் சொல்வார். போனில் சாலமன் பேருக்குப் போன விரல் கொஞ்சம் மேலே போய் நிற்கிறது.

மணி அடித்தவுடனே கலாமணி எடுத்துவிட்டாள். ஞாயிறு மத்தியானம் நான் கூப்பிடுகிற வழக்கமில்லை, உடம்புக்கு என்ன என்றுதான் முதலில் கேட்டாள். ஒன்றுமில்லை, ஒரு சத்தத்தைக் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றேன். என்ன சத்தம் என்று கேட்கிறாள், விளக்காமல் போனை மேசையில் வைத்து, ஸ்க்ரூவைப் பழைய இடத்திலேயே முறுக்கி, விசையை இழுத்தேன். எனக்கு அதே மின்விசிறிச் சத்தம். போனிலிருந்து அவள் கத்தினது கேட்டது. “ஐயோ, நிறுத்துங்க. பல்லு கூசுது.” நிறுத்தினேன். இரண்டு மடிப்புத் தாள் வைத்துத் தளர்த்தி மறுபடி ஓட்டினேன். இப்போது கடகடவென்று கூழாங்கல் போட்டு ஆட்டுகிற மாதிரி இருக்கிறதென்றாள். ஒற்றைத் தாளுக்கு வந்தேன், ஸ்க்ரூவைக் கடைசியாக இறுக்கும்போதுதான் மோட்டார் நகர்ந்து நெருங்குகிறது என்பது அப்போது பிடிபட்டது. கட்டைவிரலால் மோட்டாரை முட்டுக்கொடுத்து இறுக்கினேன். விசையை இழுத்தேன். இப்ப பரவாயில்லை, காத்து மாதிரி இருக்கிறது என்றாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது, எனக்கு மூன்றும் ஒன்றுதான். விசையை விட்டதும் சக்கரங்கள் சுற்றி ஓய்ந்தன. போனை எடுத்துக் காதில் வைத்தேன். “ஏனுங்க” என்றாள். “மொதல்ல வந்த சத்தம் உங்களுக்குக் கேக்கலீங்களா?” கேட்கவில்லை என்றேன். கொஞ்சம்கூடவா என்றாள். கொஞ்சம்கூட இல்லை என்றேன். எப்போதிலிருந்து என்று கேட்டாள், அதுதான் எனக்கும் தெரியவில்லை என்றேன், அந்த வேகத்திலேயே சொல்லிவிட்டேன், இல்லையென்றால் சொல்லியிருக்கவே மாட்டேன். “கலா, சின்னம்மா விஷயம் சொன்னயே அன்னைக்கு, தொட்டிகிட்ட நின்னுட்டு. சின்னம்மா பழகிட்டாங்களாம்னுதான் எனக்கு விழுந்துச்சு. அதுக்குத்தான் நல்லதாப் போச்சுன்னேன்.” எல்லாவற்றுக்கும் இது காரணமில்லை, கேட்டும் பேசாமல் இருந்தது நிறைய உண்டு, அது வேறு, இது மட்டும் இப்படி என்றேன். நான் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்திருக்க வேண்டும், ஜன்னலுக்கு வெளியே துணி உலர்த்துகிற பெண் திரும்பிப் பார்த்தாள். கலாமணி ஏதோ சொன்னாள். குரல் வந்தது, சொல் வரவில்லை. கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல் என்றேன். நீளமான வராந்தாவின் அந்தக் கோடியில் நிற்கிறவனுக்குச் சொல்வது போல விட்டுவிட்டுச் சொன்னாள். “சின்னம்மா பழகவே இல்லீங்க. கடைசி வரைக்கும்.” ஆமாம் என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். அவள் செருமியதும் கேட்டது. “நீங்க?” என்றாள். சின்னச் சொல்தான், அது முழுசாக வந்தது. நானும் பழகவில்லை என்றேன். அப்புறம் அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அவள் பேசாமல் இருக்கிறாளா, மெல்லப் பேசிக்கொண்டிருக்கிறாளா, வைத்துவிட்டாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. திரும்பக் காதில் வைத்துக்கொண்டேன்.